முதலிற் கேட்கும் செவி

மதுரை அரண்மனை வாயிலிற் கண்ணகி வந்து நின்ற காட்சியைச் சிலப்பதிகாரம் கற்றவர் எவரும் மறவார். பாண்டியன் உயிர் துறந்ததையும் மாநகர் எரிந்ததையும் நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஆயின் அந்த வழக்கு மன்னனின் செவிக்கு எட்டக் காரணமாயிருந்த ஒருவனைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவன் வாயிற்காவலன். வந்தவள் அவனிடம் இன்சொற் கூறவில்லை. அவன் மன்னனையே பழித்துப் பேசினாள். அவளது தோற்றமோ அச்சந் தருவதாயிருந்தது. எனினும் அவன் அவளைக் கடிந்து விரட்டவில்லை. நாளை வா என்று கூறவில்லை. உன் கணவன் உண்மையிற் கள்வன்தானா என்று வாயிலிலேயே விசாரணை தொடங்கவுமில்லை. கண்டதைக் கண்டவாறே சென்று சொன்னான்: கணவனை இழந்த பெண்ணொருத்தி, கையில் ஒற்றைச் சிலம்புடன் வாயிலில் நிற்கிறாள் என்று. மன்னன் அவளை அழைத்துவரச் சொன்னான். நீதி பிறந்ததற்கு முன்னே, ஒரு சாதாரண ஊழியன் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தான்.

இன்று நம் கல்லூரிகளில் அந்த வாயிற்காவலன் யார்? நான் வாழும் திகனப் பகுதியை வைத்தே இக்கேள்வியைக் கேட்கிறேன். கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், குண்டசாலை, பல்லேகல, திகன என்று செல்லச் செல்ல, காலைவேளைகளிற் பஸ் வண்டிகள் இளைஞர்களால் நிரம்பி வழிகின்றன. ஒருவர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார். ஒருவர் கணினி கற்கப் போகிறார். மற்றொருவர் பேராதனைக்குப் போகிறார். அவர்களிற் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வியின் வாசலை மிதித்தவர்கள். தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள், விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கிறாள். அவளிடம் விரிவுரையாளர் ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டால், அல்லது மூத்த மாணவன் ஒருவன் அவளைத் தொந்தரவு செய்தால், அவள் யாரிடம் முறையிடுவாள்? கல்லூரி முதல்வரின் அறைக் கதவை நேரே தட்டுவாள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. அவள் தனக்குப் பழக்கமான ஒரு முகத்தையே தேடுவாள். விடுதிப் பொறுப்பாளர், நூலகத்து ஊழியர், கந்தோரிலுள்ள எழுதுவினைஞர், வகுப்பில் அன்பாகப் பேசும் ஓர் இளம் விரிவுரையாளர் ஆகியோருள் ஒருவரே அவளது வாயிற்காவலர்.

அண்மையில் கல்வி நிலைய ஊழியர் சிலருடன் இப்பொருள் பற்றி உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சட்டம், சுற்றறிக்கை, குழு என்று நான் சொல்லி முடித்ததும், பல ஆண்டு சேவை புரிந்த ஓர் அம்மையார் எழுந்தார். “சேர், ஒரு பிள்ளை என் மேசைக்கு முன்னால வந்து நின்று அழுதா, நான் என்ன சொல்லணும்? இத்தனை வருஷத்துல அதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரல்லையே” என்றார். அவர் கேட்டது சட்ட நூலில் விடை காணக்கூடிய கேள்வியன்று. இக்கட்டுரையே அவருக்கு நான் கூற விரும்பும் மறுமொழிதான்.

சட்டம் இல்லை என்று நாம் குறைப்பட முடியாது. 1975ஆம் ஆண்டு, பேராதனையில் இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து, பகிடிவதைக்கு அஞ்சி மாணவியொருத்தி குதித்தாள். அவளது முதுகெலும்பு முறிந்தது. எஞ்சிய காலத்தைச் சக்கர நாற்காலியிற் கழித்த அவள் 2002இல் மறைந்தாள். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவன் ஒருவன் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தான். அதற்கு அடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் பிற வன்செயல்களையும் அது தடைசெய்தது. பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு நிகழ்ந்தால் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. அதற்கு முன்பே, 1995இல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு திருத்தப்பட்டிருந்தது. அதிகாரத்திலுள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறிடத்திலோ சொல்லாலும் செயலாலும் புரியும் விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறையும் அதன்படி குற்றமாயிற்று. தண்டனை 5 ஆண்டு வரை செல்லலாம்.

இவை நல்ல சட்டங்களே. ஆயினும் தண்டனைச் சட்டம் குற்றவாளியை நோக்கிப் பேசுகிறது. முறைப்பாட்டை முதலிற் கேட்கும் எழுதுவினைஞரை நோக்கி அது ஒன்றும் பேசுவதில்லை. சட்டத்துக்கும் மாணவிக்கும் நடுவே உள்ள அந்தச் சில அடி தூரத்திலேதான் பெரும்பாலான முறைப்பாடுகள் மாண்டுபோகின்றன.

அந்தத் தூரம் எத்துணை கொடியது என்பதை 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகம் கண்டது. இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில், பாலசோர் நகரிலுள்ள பக்கீர் மோகன் கல்லூரியில், ஆசிரியப் பட்டப் படிப்பைப் பயின்றுகொண்டிருந்த 20 வயது மாணவியொருத்தி, தன் துறைத் தலைவர் மீது பாலியல் தொந்தரவு முறைப்பாடு கொடுத்தாள். வாய்ச்சொல்லாக அன்று, எழுத்து மூலமே கொடுத்தாள். அங்கே சட்டம் இருந்தது. கல்லூரியில் விசாரணைக் குழுவும் இருந்தது. அவள் முதல்வரிடமும் சென்றாள். தனக்கு நீதி கிடைக்காது என்ற முடிவுக்கு வந்த அவள், ஜூலை 12ஆந் தேதி கல்லூரி வளாகத்திலேயே தனக்குத் தீ மூட்டிக்கொண்டாள். 14ஆந் தேதி புவனேசுவரத்து மருத்துவமனையில் உயிர் நீத்தாள். துறைத் தலைவரும் முதல்வரும் கைது செய்யப்பட்டனர். அவர்தம் குற்றத்தை நிறுவுவது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் நாளை ஆசிரியையாக வரவேண்டிய ஒருத்தி, சட்டமும் குழுவும் முதல்வரும் இருந்த ஓரிடத்தில், தன்னைக் கேட்பார் இல்லை என்று உணர்ந்தாள் என்பதை எந்தத் தீர்ப்பும் மாற்றிவிடாது.

இந்திய நாடு இவ்விடயத்தில் நீண்ட வழி நடந்த நாடு. 1992இல் இராசத்தான் மாநிலத்துச் சிற்றூரொன்றில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி என்னும் பெண் ஊழியர் கூட்டாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். அதனைத் தொடர்ந்து மகளிர் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997 ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு பணியிடத்திலும் பெண்ணொருவர் தலைமையில் முறைப்பாட்டுக் குழு இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 2013இல் அது சட்டமாயிற்று. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழுவில் வெளியார் ஒருவர் இருக்க வேண்டும். பெயர் விவரம் வெளியிடப்படலாகாது என்பனவற்றுடன், ஊழியருக்கு விழிப்புணர்வும் குழுவினருக்குப் பயிற்சியும் அளிப்பது நிறுவனத்தின் கடமை என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆகவே பயிற்சி என்பது கருணையன்று, கடமை என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அக்கடமையை ஒரு நாட் கூட்டமாகவும் கையொப்பத் தாளாகவும் சுருக்கிவிடுவதே நம்மவர் வழக்கம்.

பயிற்சியில் முதலில் கற்பிக்க வேண்டியது கேட்கும் கலை. “அவர் நல்ல மனுஷன், நீங்க பிழையா விளங்கியிருப்பீங்க”, “அந்த நேரத்துல அங்க ஏன் போனீங்க?”, “வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திப் போடுவாங்க மகள், பேசாம விடுங்க” என்ற மூன்று வாக்கியங்களை நம் கந்தோர்களில் யாரும் கேட்டிருக்கலாம். சொல்பவர் கெட்டவரல்லர், பெரும்பாலும் இரக்கமுள்ளவரே. ஆயினும் அம்மூன்றும் கதவை அடைக்கும் சொற்கள். அவற்றுக்கு மாறாகச் சொல்ல வேண்டியது மிகச் சிறிது: “நீங்கள் வந்து சொன்னது நல்லது. இது உங்கள் பிழை அன்று. அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன், முடிவு உங்களுடையது.” அந்த அம்மையாரின் கேள்விக்கு நேரான மறுமொழி இதுவே.

இரண்டாவது, முதலிற் கேட்பவர் நீதிபதி அல்லர் என்ற தெளிவு. நடந்தது மெய்யோ பொய்யோ என்று தீர்ப்பது அவர் பொறுப்பன்று. இருதரப்பையும் ஓர் அறையில் இருத்திச் சமாதானம் செய்துவைப்பதும் அவர் வேலையன்று. மாணவி சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதி, நாளும் நேரமும் குறித்து, உரிய இடத்தில் அன்றே சேர்ப்பது ஒன்றே அவர் கடமை. அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில், விளையாட்டு மருத்துவர் லாரி நாசர் பற்றி 1997 தொடக்கமே இளம்பெண்கள் பயிற்றுநரிடம் கூறியிருந்தனர். கேட்டவர்கள் அவரை நம்பினர், பெண்களை நம்பவில்லை. 2014இல் ஒரு விசாரணை நடந்தபோது, அவரோடு தொழில் தொடர்பு உடையோரிடமே கருத்துக் கேட்கப்பட்டது. குற்றமில்லை என்று முடிவாயிற்று. 2018 தொடக்கத்தில் அவருக்கு நீண்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றில் தம் துயரைக் கூறினர். அதே ஆண்டு பல்கலைக்கழகம் 50 கோடி டொலர் நட்டஈடு செலுத்த இணங்கியது. 1997இல் ஒருவர் செய்தியை உரிய இடத்திற் சேர்த்திருந்தால், பின்வந்தோரில் எத்தனை பேர் தப்பியிருப்பர்!

மூன்றாவது, இரகசியம் காத்தல். சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்காமை ஒரு குற்றமாயின், சேரக்கூடாத இடங்களுக்கெல்லாம் பரப்புவது மற்றொரு குற்றம். 2024 டிசம்பர் 23ஆந் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவியொருத்தி பாலியல் வன்முறைக்கு உள்ளானாள். அவள் துணிந்து பொலிசாரிடம் முறையிட்டாள். ஆனால் அவளை அடையாளங் காட்டும் விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெண் அதிகாரிகளைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. கசிவுக்காக 25 இலட்சம் ரூபா இடைக்கால நட்டஈடு வழங்கவும் கட்டளையிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதி விரைவாகவே வந்தது. எனினும் வெளியான பெயரை எந்த நீதிமன்றமும் திரும்பப் பெற்றுத்தர இயலாது. நம் கந்தோர்களில் கசிவு கணினியால் நிகழ்வதைவிடத் தேநீர் வேளையில் நிகழ்வதே மிகுதி என்பதை நாம் அறிவோம்.

நான்காவது, மொழி. கண்டி மாவட்டத்தில் இதனைத் தனியே கூற வேண்டியுள்ளது. தமிழ் மட்டுமே நன்கறிந்த மாணவி, தனக்கு நேர்ந்ததைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்ல நேரும்போது, பாதி அச்சத்தாலும் பாதி சொல் தெரியாமையாலும் உண்மை குறைந்துபோகிறது. சொல் குறைந்தால் “முன்னுக்குப்பின் முரண்” என்று விசாரணையில் குற்றஞ் சாட்டுவர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பது 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் அரசியலமைப்பிற் சேர்ந்தது. ஆகவே அவள் தன் தாய்மொழியிற் சொல்லவும், எழுதப்பட்டது தனக்கு விளங்கிய பின்னரே கையொப்பமிடவும் வேண்டும். மொழிபெயர்ப்பவர், குற்றஞ் சாட்டப்பட்டவரின் துறையைச் சேர்ந்தவராய் இருத்தலாகாது.

ஐந்தாவது, பின்தொடரும் காவல். முறைப்பாடு கொடுத்தவளின் பரீட்சைத் தாளைத் திருத்துபவர் அவளாற் குற்றஞ் சாட்டப்பட்டவரே என்றால், அவள் எவ்வாறு பேசுவாள்? விசாரணை முடியும்வரை மதிப்பீட்டுப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றுதல் வேண்டும். அவளது இணக்கமின்றி வீட்டுக்குத் தொலைபேசியில் அறிவிப்பதும் தீங்காகலாம். பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது அவளது படிப்பே. 18 வயதுக்குக் குறைந்தவராயின் நிலை வேறு. அங்கே சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை நாடுதல் வேண்டும். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கமும் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் மும்மொழியில் எழுதப்பட்டிருத்தல் நன்று.

இவற்றைக் கூறும்போது ஒரு மறுப்பு எழும். “பொய் முறைப்பாடு வந்தால் ஓர் ஆசிரியரின் வாழ்வு அழியாதா?” என்பர். அழியலாம்; அதனாலேயே ஒழுங்கான முறை வேண்டும் என்கிறேன். முறைப்பாட்டின் பிரதியைப் பெறுவதும், மறுமொழி கூறுவதும், சாட்சியைக் காட்டுவதும் குற்றஞ் சாட்டப்பட்டவரின் உரிமை. காதோடு காதாகப் பரவும் வதந்தியில் அவ்வுரிமை ஏது? முறைப்பாடு உரிய வழியிற் செல்லாத இடத்தில் பாதிக்கப்பட்டவளும் நீதி பெறாள்; குற்றமற்றவரும் தம் பெயரை மீட்கார்.

“கல்லூரியின் நற்பெயர் கெடும்” என்பது மற்றொரு மறுப்பு. நற்பெயர் முறைப்பாட்டாற் கெடுவதில்லை. மூடிமறைத்தது வெளிப்படும்போதே கெடுகிறது. மேலே கூறிய கல்வி நிலையங்கள் அதற்குப் போதிய சான்று.

ஆகவே கல்லூரி முதல்வர்களிடம் எனது வேண்டுகோள் எளியது. குழுவினருக்கு மட்டும் பயிற்சி அளித்து நின்றுவிடாதீர்கள். விடுதிப் பொறுப்பாளரையும், எழுதுவினைஞரையும், வாயிலிற் காவல் நிற்பவரையும் அழைத்து அமர்த்துங்கள். ஆண்டில் இருமுறை, அரை நாள் போதும். ஒரு மாணவி வந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சொல்லிப் பழகச் செய்யுங்கள். தோட்டத்திலிருந்து பிள்ளையைப் படிக்க அனுப்பும் தாய்க்கு உங்கள் குழுவின் பெயர் தெரியாது, சட்டத்தின் இலக்கமும் தெரியாது. தன் மகள் அழுதால் கேட்பதற்கு அங்கே ஒருவர் இருப்பார் என்பது ஒன்றே அவளது நம்பிக்கை.