விதை வெங்காயம்: இடப்பெயர்வில் தொலைந்த இன்னொரு சொத்து

போரில் இழந்தவற்றைக் கணக்கிடும்போது வீடு, காணி, நகை, ஆடுமாடு என்று எழுதுகிறோம். வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற வகையில், அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: விதை வெங்காயம்.

வெங்காயம், உள்ளி, லீக்ஸ் மூன்றும் ஒரே இனத்தவை. மூன்றிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. வெட்டும்போது கலங்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த சேர்மமும் நொதியமும் கலக்கின்றன. உள்ளியில் அலிசின் உருவாகி மணக்கிறது. வெங்காயத்தில் கண்ணை எரிக்கும் வாயு எழுகிறது. தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது.

வெங்காயக் குமிழ் வேர் அல்ல. இலைகளின் அடிப்பகுதி தடித்து ஒன்றையொன்று போர்த்தியது. அறுவடைக்குப் பின் தாள் காய்ந்து கழுத்து இறுகினால் அது உறங்கும். கழுத்தில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் புகுந்து அழுகும். அதனால்தான் எங்கள் பெரியவர்கள் பிடி பிடியாகக் கட்டி, காற்றோட்டமான கொட்டிலில் தூக்கினார்கள்.

சின்ன வெங்காயத்தைப் பூவில் வரும் கறுப்பு விதையிலிருந்தும் பயிரிடலாம். ஆனால் எங்கள் பக்கம் பெரும்பாலும் குமிழையே நட்டோம். ஒரு குமிழ் பிரிந்து பலவாகும். எல்லாம் தாயின் அச்சு. சில மாதங்களுக்குள் நடாவிட்டால் முளைத்தோ அழுகியோ போய்விடும். ஆகவே ஒரு நல்ல இனம் நிலைப்பது, விடாமல் நட்டுவரும் கைகளால்தான்.

1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் யாழ்ப்பாணத்தில் பல கல்வீடுகளை எழுப்பின. 1977இன் திறந்த பொருளாதாரம் அந்த வருமானத்தில் அடித்தது. 1990க்குப் பின் எரிபொருள் தடையால் இறைப்பு இயந்திரங்கள் முடங்கின. வலிகாமம் வடக்கின் செம்மண் தறைகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை தொடங்கிய காலம், நடுகை இன்னும் வரவில்லை. குழந்தையையும் முதியவரையும் தூக்கியவர்களுக்கு வெங்காயப் பிடியைத் தூக்கக் கையில்லை.

காணி விடுவிக்கப்பட்டுத் திரும்புவோர் விதைக்குக் காசு தேடவேண்டியிருக்கிறது. வாங்கும் குமிழோடு நோயும் வரலாம் என்பதால், அழுகல் இல்லாத தறையில் விளைந்ததையே கேட்டு வாங்குங்கள். முதல் விளைச்சலில் நல்லதில் ஒரு பங்கை விற்காமல் தூக்கி வையுங்கள். மீள்குடியேற்ற உதவி பற்றிப் பேசுவோரும் கூரைத் தகட்டுக்கு அடுத்த வரியில் விதையையும் எழுதவேண்டும். காணி திரும்பினால் மட்டும் தோட்டம் திரும்பிவிடாது.