மின்சார வண்டி வைத்திருக்கும் வணிகர்களே, சின்ன பேட்டரியைக் கவனியுங்கள்!

டீசல் செலவும் வாடகை வண்டிக் கூலியும் ஏற ஏற, நம் வணிகர்களில் பலர் மின்சார வண்டிக்கு மாறி வருகிறார்கள். நாம் குட்டி யானை என்று அழைக்கும் டாடா ஏஸ் வண்டியே 2022-ல் மின்சாரத்தில் வந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கு மின்சாரக் கார் வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. ஓட்டும் செலவு குறைவு, புகை இல்லை, என்ஜின் ஆயில் மாற்றும் வேலை இல்லை. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் வாங்கும்போது பேச்சில் வராத ஒரு சின்னப் பொருள், அவசர நேரத்தில் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அதைப் பற்றி நம் வணிகப் பெருமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

விடியற்காலை 3 மணிக்கு மார்க்கெட்டுக்குப் புறப்பட வேண்டும். பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கிறது. ஆனால் ரிமோட் சாவியை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாலும் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பெரிய பேட்டரி கெட்டுவிட்டது, லட்சக்கணக்கில் செலவு வரப்போகிறது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். பல சமயங்களில் காரணம் அதுவல்ல. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள 12 வோல்ட் பேட்டரி இறங்கிப் போயிருக்கும்.

மின்சாரக் காரில் எதற்கு இன்னொரு பேட்டரி?

1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தபோது, என்ஜினைச் சுற்றிவிடும் வேலை பேட்டரிக்கு வந்தது. மின்சார வண்டியில் சுற்றிவிட என்ஜினே இல்லை. ஆனாலும் சின்ன பேட்டரி இருக்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஹாரன், விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாமே 12 வோல்ட்டில் வேலை செய்பவை. இரண்டாவது, பாதுகாப்பு. பல கார்களில் பெரிய பேட்டரியின் அழுத்தம் 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். வண்டியை அணைத்தவுடன் அந்த மின்சாரம் வெளியே வராதபடி பெரிய சுவிட்சுகள் துண்டித்துவிடும். மறுபடி அந்தச் சுவிட்சுகளை இணைக்க வேண்டுமானால் 12 வோல்ட் மின்சாரம் தேவை. கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் பூட்டுக்குச் சாவி இல்லாவிட்டால் ஒரு மூட்டை கூட எடுக்க முடியாதல்லவா? சின்ன பேட்டரிதான் அந்தச் சாவி. பல வண்டிகளில் இது இறங்கிவிட்டால் சார்ஜரை மாட்டினாலும் சார்ஜ் ஏறாது.

முன்னறிவிப்பு கிடைக்காது

பெட்ரோல் வண்டியில் பேட்டரி பலம் குறைந்தால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். நாமும் கடைக்காரரிடம் காட்டி மாற்றிவிடுவோம். மின்சார வண்டியில் அந்த எச்சரிக்கை கிடையாது. சுவிட்சுகளை இணைக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும் என்பதால், பலவீனமான பேட்டரியும் கடைசி நாள் வரை வேலை செய்துகொண்டே இருக்கும். மறுநாள் காலை ஒரேயடியாக நின்றுவிடும். ஆகவே கெட்ட பிறகு பார்க்கலாம் என்ற கணக்கு இங்கே ஒத்துவராது.

ஏன் இறங்குகிறது?

வண்டி 'ரெடி' நிலையில் இருக்கும்போது பெரிய பேட்டரியிலிருந்து ஒரு மாற்றுக் கருவி வழியாகச் சின்ன பேட்டரிக்கு மின்சாரம் ஏறும். பெரும்பாலான வண்டிகளில் சார்ஜ் போடும்போதும் ஏறும். மற்ற நேரங்களில் அது தன் கையிருப்பைத்தான் செலவழிக்கிறது. நம் தொழிலில் வழக்கமாக நடப்பவை இவை:

சரக்கு ஏற்றி இறக்கும்போது வண்டியை 'ரெடி'யில் வைக்காமல் விளக்கையும் பாட்டையும் மட்டும் போட்டு வைப்பது. கதவு சரியாகச் சாத்தாமல் உள்விளக்கு எரிந்துகொண்டே இருப்பது. வண்டி எங்கே போகிறது என்று பார்க்கும் கருவியையும் கேமராவையும் வெளியில் கொடுத்து நேரடியாகப் பேட்டரியில் இணைப்பது. பண்டிகை விடுமுறையில் வண்டியை வாரக்கணக்கில் அசையாமல் நிறுத்துவது. செல்போனில் வண்டியின் நிலையை அடிக்கடி பார்ப்பதும் ஒரு காரணம். சில வண்டிகளில் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வண்டியின் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு மின்சாரத்தைச் செலவழிக்கும்.

இவற்றோடு நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. ஈய அமிலப் பேட்டரியின் ஆயுளை வெப்பம் குறைத்துவிடும். 3 ஆண்டு கடந்த பேட்டரியை எப்போதும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

சில சமயம் கோளாறு மாற்றுக் கருவியிலும் இருக்கலாம். 2024 ஜூனில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 அயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியில் பழுது வரக்கூடும் என்பதே காரணம். ஆகவே புதிய பேட்டரி போட்டும் அடிக்கடி இறங்கினால், மேலும் ஒரு பேட்டரி வாங்கிக் காசைக் கரைக்காமல் சர்வீஸ் நிலையத்தில் காட்டுங்கள்.

நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை

1. ரிமோட் சாவிக்குள் இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். அதைக் கொண்டு கதவைத் திறக்கலாம். சாவித் துளை கைப்பிடியில் ஒரு மூடிக்குள் இருக்கலாம். டிரைவருக்கு இதை இன்றே காட்டிக் கொடுங்கள்.

2. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. சக்கரத்தோடு மோட்டாரும் சுற்றுவதால் சேதம் வரும். எடுத்துப் போக வேண்டுமானால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

3. ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள். அது உயர் அழுத்த மின்சாரம்.

4. வேறொரு பெட்ரோல் அல்லது டீசல் காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கேபிள் போடலாம். மார்க்கெட்டில் பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து போட்டுவிடாதீர்கள். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். கருவிகள் எரிந்துவிடும். இன்னொரு மின்சாரக் காரிலிருந்து எடுப்பதையும் பல கம்பெனிகள் தடை செய்துள்ளன.

5. சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டி, மறு முனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். பிறகு கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை நின்றுபோன வண்டியில் பேட்டரியை விட்டுத் தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு இடம் குறித்திருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

6. 'ரெடி' விளக்கு வந்துவிட்டால் உடனே அணைக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது அந்த நிலையில் இருக்கட்டும், அல்லது ஓட்டுங்கள். அன்றே பேட்டரியைச் சோதித்துவிடுங்கள்.

முன்கூட்டியே காப்பது எப்படி?

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மீட்டர் ஒன்று போதும். இரவு ஓய்வுக்குப் பின் காலையில் அளந்தால், நல்ல ஈய அமிலப் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. 'ரெடி' நிலையில் 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். சில வண்டிகளில் சின்ன பேட்டரியும் லித்தியமாக இருக்கும். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வாரண்டி விஷயத்திலும் கவனம் தேவை. பெரிய பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 ஆண்டு வாரண்டி தருகின்றன. சின்ன பேட்டரிக்கு அது பொருந்தாது. அதற்குரிய காலம் தனி, குறைவானது. அட்டையைப் புரட்டிப் பாருங்கள். மாற்றும்போது அதே அளவு, அதே வகைப் பேட்டரியையே கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள ஈயத்துக்கு விலை உண்டு. கடைக்காரரிடமே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

காலாவதித் தேதி பார்த்து மாவுப் பாக்கெட்டையும் எண்ணெய் டின்னையும் முன்னே பின்னே அடுக்கத் தெரிந்தவர்கள் நாம். அதே பழக்கத்தைப் பேட்டரிக்கும் கொண்டுவருவோம். வாங்கிய தேதியைப் பேட்டரி மேலேயே எழுதி ஒட்டுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் குறியுங்கள். தீபாவளி, பொங்கல் சரக்கு எடுக்கும் முன் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். பேட்டரியின் விலையைவிட, பண்டிகை நாளில் ஒரு காலை வியாபாரம் தவறினால் வரும் நஷ்டம் பெரியது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விட்டால் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு யோசனையையும் சங்கத்தின் முன் வைக்கிறோம். கைக்கு அடக்கமான 12 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மார்க்கெட்டிலும் சங்கத்தின் பெயரில் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி, விடியற்காலையில் திறந்திருக்கும் ஒரு கடையில் வைத்தால் எல்லோருக்கும் உதவும். அடுத்த செயற்குழுவில் உறுப்பினர்கள் இதைப் பேசி முடிவு செய்யலாம்.