ஆள் பத்தலைன்னு பாட்டியைக் கட்டிப் போடலாமா? மறதி நோய் இல்லங்கள் பற்றி சட்டம் சொல்வது என்ன?

காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து நின்றால், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் பல வீடுகளில் பெண்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மாலை வரை வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான். அவர்களில் ஒருவருக்கு மறதி நோய், அதாவது டிமென்ஷியா இருந்தால்? கேஸைத் திறந்து விட்டாரா, ஹைவே பக்கம் நடந்து போய்விட்டாரா என்று நாள் முழுக்கப் பதற்றம். வேலையை விட்டால் சம்பளம் போச்சு. அப்போதுதான் 'ஹோம்ல சேர்த்துடலாமா?' என்ற பேச்சு வரும்.

சேர்ப்பது தப்பில்லை. 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டிய சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. எல்லோரையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மற்ற நோயாளிகள் அடி விழுந்தால் சொல்வார்கள். இவருக்கோ நேற்று நடந்தது இன்று ஞாபகம் இருக்காது. அப்படியே சொன்னாலும், 'அவங்க அப்படித்தாங்க, ஏதாவது உளறுவாங்க' என்று ஊழியர் சொன்னால் குடும்பமும் நம்பிவிடும்.

விழுப்புரத்தில் நடந்தது என்ன?

குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் நினைவிருக்கிறதா? அங்கு சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைத் தேடி உறவினர் வந்தபோது, பெங்களூருவில் உள்ள இல்லத்துக்கு மாற்றிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கே அவர் இல்லை. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றம் போன பிறகு, 2023 பிப்ரவரியில் நடந்த சோதனையில் 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். உரிய அனுமதி இல்லாமல் இயங்கியதாக அதிகாரிகள் தெரிவித்தனர். வழக்கு சிபிசிஐடி-க்கு மாறியது. ஒருவர் தேடி வந்ததால்தான் இது வெளியே தெரிந்தது.

கட்டிப் போட அனுமதி உண்டா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் நோயும் மனநோய் வரையறைக்குள் வருகிறது. அதனால் இவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கவே நடத்தப்படும் இல்லம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

முக்கியமானது பிரிவு 97. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டுமே ஒருவரைக் கட்டலாம். அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி, பதிவேட்டில் காரணம், 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்குத் தகவல் எல்லாம் வேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது. 'ஆள் பத்தலை' என்பதற்காகவும் கட்டக்கூடாது. சட்டமே இதைத் தனியாகச் சொல்கிறது. பேன் வருது என்று கட்டாயமாக மொட்டை அடிப்பதும் உரிமை மீறல்தான்.

கயிறு இல்லாமலும் கட்டிப் போடலாம், மாத்திரையால். எப்போது போனாலும் அம்மா தூங்கிக்கொண்டே இருக்கிறாரா? என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது என்று சீட்டைக் கேளுங்கள். மனநோய்க்கான சில மாத்திரைகள் மறதி நோய் உள்ள முதியவர்களின் உயிருக்கே ஆபத்தை அதிகரிக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது.

எதைப் பார்க்க வேண்டும்?

சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில். தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறார்களா என்று பாருங்கள். சாப்பிட்டாரா என்பதே அவருக்கு மறந்துபோகும் என்பதால் எடை குறைவதுதான் முதல் தடயம். இடுப்பின் பின்பக்கம், குதிகால் இரண்டிலும் படுக்கைப் புண் இருக்கிறதா? மணிக்கட்டில் தழும்பு? முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வரணும் என்று கறாராகச் சொல்லும் இல்லத்தில் சேர்க்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்கும் முறைக்குப் பல பத்தாண்டுகளாகவே பெயர் பெற்றது.

புகார் எங்கே?

முதியோர் உதவி எண் 14567. இலவச சட்ட உதவிக்கு 15100. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதென்றால், 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் போக வேண்டியது வேலூருக்கு அல்ல, திருப்பத்தூருக்கு.