பட்டியலைக் கொடுத்த கை

தமிழ்ப் பேய்ப் படம் பார்க்கப் போகிறவருக்கு ஒரு நிம்மதி நிச்சயம் உண்டு. 'காஞ்சனா', 'அரண்மனை' என்று எதை எடுத்தாலும் பேயாக வருவது அநியாயமாகச் செத்துப்போன ஒருவர். அந்தப் பழைய கதை விரியத் தொடங்கியதுமே நாம் பேயின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பேய் போகிறது, நாமும் கறைபடாத கையோடு வெளியே வருகிறோம். 2017 ஜனவரியில் தைவானிலிருந்து வெளிவந்த 'டிடென்ஷன்' என்ற திகில் வீடியோ கேம் இந்த நிம்மதியைத் தருவதில்லை. அதில் பேயாக அலைவது குற்றம் செய்தவள். அவளை ஒவ்வோர் அடியாக நடத்திக்கொண்டு போவது விளையாடுகிறவரின் விரல்கள். இந்த ஒரு மாற்றம் திகில் கதையின் அடிப்படையையே மாற்றிவிடுகிறது. வெளியாகி இத்தனை ஆண்டுகளாகியும் தமிழில் இதைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை. தமிழில் கதை சொல்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். புதுக்கோட்டை போன்ற வாசிப்பு மரபுள்ள மாவட்டத்துக்காரர்களுக்கு இது அந்நியமான கதையாகவே இருக்காது.

தைபேயில் இயங்கும் ரெட் கேண்டில் கேம்ஸ் என்ற சிறு குழுவின் முதல் படைப்பு இது. கதை நடக்கும் காலம் 1960கள். 1949 மே மாதம் தைவானில் அறிவிக்கப்பட்ட இராணுவச் சட்டம் 1987 ஜூலையில்தான் விலக்கப்பட்டது. அந்த 38 ஆண்டுகளைத் தைவான்காரர்கள் 'வெள்ளைப் பயங்கரம்' என்கிறார்கள். சியாங் காய்-ஷேக்கின் குவோமின்டாங் ஆட்சி, கம்யூனிஸ்ட் ஒற்றர்களைத் தேடுகிறோம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளியது, பலரைச் சுட்டுக் கொன்றது. தடை செய்த நூலை வைத்திருந்ததே ஒருவரை உள்ளே தள்ளப் போதுமானதாக இருந்தது. 1950இல் வந்த ஒரு சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒற்றர் என்று தெரிந்தும் ஒருவரைப் பற்றித் தகவல் கொடுக்காமல் இருப்பதையே குற்றமாக்கியது. பள்ளிகளில் இராணுவப் பயிற்றுநர்கள் அமர்த்தப்பட்டார்கள். சுவர்களில் ஒற்றரைக் காட்டிக்கொடுப்பது ஒவ்வொருவரின் கடமை என்ற வாசகங்கள் இருந்தன. அப்படியொரு மலையோர மேல்நிலைப் பள்ளிக்குள் புயல் இரவொன்றில் இரண்டு மாணவர்கள் அகப்பட்டுக்கொள்வதிலிருந்து கேம் தொடங்குகிறது. ஆற்றுப் பாலம் உடைந்து கிடக்கிறது. ஆறு சிவந்து ஓடுகிறது.

கதையின் முடிச்சைச் சொல்லாமல் இந்தக் கேமின் பெருமையை விளக்க முடியாது. ஆகவே சொல்லிவிடுகிறேன். வெய் சுங்-டிங் என்ற மாணவன், சாங் என்ற ஆசிரியரும் யின் என்ற ஆசிரியையும் ரகசியமாக நடத்தும் வாசிப்புக் குழுவைச் சேர்ந்தவன். தடை செய்த நூல்களைக் கூடிப் படிப்பது தவிர அவர்கள் வேறு எதுவும் செய்வதில்லை. ஃபாங் ரே-ஷின் மேல் வகுப்பு மாணவி. வீட்டில் தந்தையின் அடாவடி, தாயின் கண்ணீர். கடைசியில் தாயே தந்தையைப் பற்றி அதிகாரிகளிடம் தகவல் கொடுக்க, அவர் சிறைக்குப் போகிறார். பிடிக்காத ஒருவரை வாழ்க்கையிலிருந்து அகற்ற அரசாங்கத்தின் கையைப் பயன்படுத்தலாம் என்ற பாடத்தை அந்தப் பெண் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறாள். ஆறுதலாக இருந்த ஆசிரியர் சாங் மேல் காதல் கொள்கிறாள். அவர் விலகியதும், யின் தான் காரணம் என்று நம்புகிறாள். வெய்யிடம் நயமாகப் பேசிக் குழுவின் நூல் பட்டியலை வாங்கி, இராணுவப் பயிற்றுநரிடம் கொடுக்கிறாள். யின் ஒருத்தி போனால் போதும் என்பது அவள் கணக்கு. ஆனால் அரசு அவள் கணக்குப்படி நடக்கவில்லை. சாங்குக்கு மரண தண்டனை, வெய்க்கு நீண்ட சிறை. யின் நாட்டை விட்டே ஓடுகிறார். ஃபாங் பள்ளி மாடியிலிருந்து குதித்துச் சாகிறாள். நாம் நடத்திக்கொண்டு போவது செத்துப்போன அந்த ஃபாங்கைத்தான். இது முதல் பாதியில் நமக்குத் தெரியாது, அவளுக்கும் நினைவில்லை.

இந்தக் கதையை நாவலாகவும் எழுதலாம், படமாகவும் எடுக்கலாம். 2019இல் ஜான் ஹ்சு இயக்கிய படம் கோல்டன் ஹார்ஸ் விழாவில் ஐந்து விருதுகள் வாங்கியது. அடுத்த ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தது. 'படம்தான் இருக்கிறதே, கேம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்குப் பதில் கேமின் ஒரு காட்சியில் இருக்கிறது. பள்ளி அரங்கில் வெய் தலைகீழாகத் தொங்குகிறான். அவன் கழுத்தை அறுத்துக் குருதி எடுத்தால்தான் ஒரு புதிரை அவிழ்க்க முடியும். திகில் கேம் விளையாடிப் பழகியவர் அதிகம் யோசிப்பதில்லை. கையில் கத்தி இருக்கிறது, எதிரே வேலை இருக்கிறது, முடிக்கிறார். இன்னும் சில அத்தியாயங்கள் கடந்து, பட்டியலை வாங்கிக் கொடுத்தது இந்தப் பெண்தான் என்று தெரியவரும்போது அந்தக் கத்திக்கு வேறு அர்த்தம் வருகிறது. அவனை அன்று சாய்த்தது அவள், இன்று அறுத்தது நாம். அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் எதையும் கேட்காமல் செய்தோம். தகவல் கொடுப்பவர்களை உருவாக்கும் ஆட்சிகள் எல்லாம் மனிதர்களின் இந்த அவசரத்தை நம்பித்தான் இயங்குகின்றன. திரையில் பார்க்கும்போது இது ஃபாங்கின் குற்றமாக மட்டும் இருக்கும். விரலால் செய்யும்போது தப்பிக்க வழியில்லை. வீடியோ கேம் என்ற வடிவத்தால் மட்டுமே முடியக்கூடிய காரியம் இது.

பேய்களும் இல்லாமல் இல்லை. அவற்றை எதிர்கொள்ளும் முறைதான் வித்தியாசம். துப்பாக்கியோ அரிவாளோ கிடையாது. பேய் நெருங்கினால் மூச்சை அடக்கிக்கொண்டு கடந்து போக வேண்டும். சில இடங்களில் சோறு படைத்து அதன் கவனத்தைத் திருப்பலாம். விளக்கேந்திய நெடிய உருவமொன்று வரும்போது முகத்தைத் திருப்பி நின்றுகொள்ள வேண்டும். முனிக்கும் கருப்பனுக்கும் படையல் வைத்துப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில் காகித மாலைகள் சூட்டப்படும் ஐயனாரின் பெருங்குதிரையைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, அமெரிக்கக் கேம்களின் ஸோம்பிகளைவிட இந்தத் தைவான் பேய்கள் நெருக்கமானவை. ஆனால் இங்கே மூச்சடக்கலுக்கும் முகம் திருப்பலுக்கும் இன்னொரு வேலை இருக்கிறது. பேசாமல் இரு, பார்க்காதே, கடந்து போய்விடு என்பதுதான் அந்த 38 ஆண்டுகளில் ஒரு சாதாரண மனிதர் உயிர்பிழைத்த வழி. நாட்டுப்புற நம்பிக்கையையும் அரசியல் அச்சத்தையும் ஒரே அசைவில் கொண்டுவந்துவிட்டார்கள்.

'பயமே போதவில்லை' என்பது இந்தக் கேம் மீதான முக்கியமான குறை. அதில் உண்மை இருக்கிறது. புதிர்கள் கடினமானவை அல்ல. பின்பாதியில் பேய்கள் அநேகமாகக் காணாமல் போய்விடுகின்றன. நினைவுகளின் அறைகளுக்குள் நடந்துகொண்டே இருக்கிறோம். திடுக்கிட வைக்கும் காட்சிகளுக்காக வருபவர் ஏமாந்துதான் போவார். ஆனால் பேய்கள் மறைவது கதையின் தேவை. முதல் பாதியில் பயம் வெளியே இருக்கிறது. ஃபாங் தன் செயலை நினைவுகூரத் தொடங்கியதும் அது உள்ளே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் தாழ்வாரத்தில் பேயை நிறுத்தியிருந்தால் அது வெறும் அலங்காரமாகியிருக்கும். கடைசியில் அவளுடைய நிழலே அவளைக் கேள்வி கேட்கிறது. மழுப்பினால் மறுபடியும் அதே மாடி, அதே சாவு. செய்ததை ஒப்புக்கொண்டால்தான், சிறையிலிருந்து மீண்டு வயதாகிப்போன வெய் பாழடைந்த பள்ளிக்குத் திரும்பும் முடிவைக் காண முடியும். பதில்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நாம். திடுக்கிடல் அரை நொடியில் தீர்ந்துவிடும். இந்தக் கேள்விகள் தரும் நடுக்கம் அத்தனை சீக்கிரம் தீராது.

மனிதர் செத்த வரலாற்றை விளையாட்டாக்குவது முறையா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நேர்மையான கேள்வியும்கூட. போர்களையும் படுகொலைகளையும் சுடுகளமாக மாற்றி விற்கும் கேம்கள் ஏராளம். 'டிடென்ஷன்' அதைச் செய்வதில்லை என்பதற்கு ஆதாரம், அதில் ஜெயிக்க எதுவும் இல்லை என்பதுதான். புள்ளிகள் கிடையாது. ஃபாங் எதைச் செய்தாலும் சாங் திரும்பி வரப்போவதில்லை. நடந்ததை மாற்ற முடியாது, ஒப்புக்கொள்ள மட்டுமே முடியும் என்ற எல்லைக்குள் விளையாடுகிறவரை நிறுத்துகிறது. இராணுவச் சட்டம் நீங்கிய பிறகு பிறந்த தலைமுறை பாடநூலில் ஒரு பத்தியாகக் கடந்துபோகக்கூடிய காலம் இது. அதை ஒரு பெண்ணின் மனச்சாட்சி வழியாக நடந்து பார்க்க வைத்திருக்கிறார்கள்.

தைவானின் கதை தமிழனுக்கு எதற்கு என்று கேட்பவர் திருமயத்துக்குப் போகலாம். மலைக்கோட்டை இருக்கும் அந்த ஊரில் 1887இல் பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. 1928இல் பர்மா அரசின் தடையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் பாரதியின் பாடல் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டபோது, சட்டமன்றத்தில் எழுந்து அதைக் கண்டித்தவர் அவர். பாட்டுப் புத்தகத்துக்காகப் போலீஸ் வீடு தேடி வரும் காலம் நமக்கும் இருந்தது. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது தணிக்கையும் விசாரணையற்ற சிறையும் மீண்டும் வந்தன. திருமயம் இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டி ஞானாலயா நூலகத்தை உருவாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்துக் கற்றதும், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இங்கேதான். கூடி உட்கார்ந்து படிப்பதை அரசே முன்னின்று வளர்த்த மாவட்டம் இது. கூடிப் படித்ததற்காகக் கொல்லப்பட்டவர்களின் கதை இங்கே உறைக்காமல் வேறு எங்கே உறைக்கும்?

அச்சம் பேயிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை என்பதற்கும் புதுக்கோட்டைக்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது தெரியவந்தது. சிபிசிஐடி 2025 ஜனவரியில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அந்த மக்களிலேயே மூவரின் பெயரைச் சேர்த்தது. பாதிக்கப்பட்ட மக்கள் அதை ஏற்க மறுத்தார்கள். இதை எடுத்து ஒரு கேம் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது பாதிக்கப்பட்டவர்களின் வலி, அவர்களே சொல்ல வேண்டியது. ஆனால் குழாயைத் திறக்கும்போது வரும் அச்சம் எப்படிப்பட்டது என்று அறிந்த ஒரு மாவட்டம், திகிலைப் பாழடைந்த பங்களாவிலேயே தேடிக்கொண்டிருப்பதில் ஒரு தப்பித்தல் இருக்கிறது.

நம் மரபு இப்படித் தப்பித்ததில்லை. பழையனூர் நீலி கதையை நினைத்துப் பாருங்கள். கணவனால் கொலையுண்டவள் பேயாகி வந்து அவனைப் பழிவாங்குவதோடு அந்தக் கதை முடிவதில்லை. 'இவள் உன் மனைவிதான், இவளோடு இரு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு' என்று சொல்லி அவனை அவளிடம் ஒப்படைத்த எழுபது வேளாளர்கள், அவன் இறந்தது தெரிந்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள் என்கிறது கதை. அவர்கள் கொல்லவில்லை, தெரியாமல்தான் ஒப்படைத்தார்கள். ஆனாலும் ஒப்படைத்த கை தங்களுடையது என்று ஏற்றார்கள். நீலியின் பழியை எடுத்துக்கொண்ட நம் சினிமா, எழுபது பேரின் பொறுப்பை விட்டுவிட்டது. 'டிடென்ஷன்' அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழில் ஒரு நல்ல திகில் கேம் எழுத நினைப்பவர் தைவானைப் பார்த்து நகலெடுக்க வேண்டியதில்லை. பழையனூரில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

தமிழ் வாழ்க்கையை வைத்து உலகத் தரத்தில் கேம் செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு இனி இடமில்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை மையமாகக் கொண்டு 2023இல் வந்த 'வெண்பா', அடுத்த ஆண்டே சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை வென்றது. இட்லி, புட்டு, தாய்க்கும் மகனுக்கும் நடுவே தேய்ந்துபோகும் மொழி, இவையே அதற்குப் போதுமானவையாக இருந்தன. சமையலறைக்குக் கிடைத்த அக்கறை நம் அச்சங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

'டிடென்ஷன்' செய்தவர்களின் அடுத்த கதியையும் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட 'டிவோஷன்' கேமில் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளில் சீன அதிபரைக் கிண்டல் செய்யும் வாசகம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தவறுதலாக இடம்பெற்றுவிட்டதென்று குழு மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியும் கண்டனம் ஓயவில்லை. சில நாட்களில் கேம் ஸ்டீம் என்ற விற்பனைத் தளத்திலிருந்தே காணாமல் போனது. 2020 டிசம்பரில் இன்னொரு விற்பனைத் தளம் வெளியிடுவதாக அறிவித்து, சில மணி நேரத்தில் பின்வாங்கியது. 2021 மார்ச்சில் அவர்களே சொந்தத் தளத்தில் விற்கத் தொடங்கினார்கள். இடையில் ஹார்வர்ட்-யென்சிங் நூலகம் இந்த இரண்டு கேம்களையும் தன் சேகரிப்பில் நூல்களோடு நூலாகச் சேர்த்துக்கொண்டது. தடை செய்யப்பட்ட புத்தகங்களைப் பற்றிக் கேம் செய்தவர்களின் கேமுக்கே நூலகம் அடைக்கலம் தர வேண்டியிருந்தது.

நம் மாவட்ட நூலகங்களும் வாசகர் வட்டங்களும் செய்யக்கூடியது இதுதான். 'டிடென்ஷன்' பெரிய கணினி கேட்பதில்லை. முழுக் கதையும் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூட்டத்தில் ஒருவர் விளையாட, மற்றவர்கள் திரையைப் பார்த்து, ஒவ்வொரு தேர்வையும் பேசி முடிவெடுக்கலாம். ஆங்கில வாசகங்களை உடனுக்குடன் தமிழில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். தற்கொலையும் சித்திரவதையும் இருப்பதால் சிறுவர்களுக்கு வேண்டாம். கல்லூரி வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டலாம். நிழல் கேள்வி கேட்கும் கட்டம் வந்ததும் பதிலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒருவரிடமே விட்டுவிடாமல், கூடியிருக்கும் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.