நிறுத்தத் தெரிந்த ஊர்க்காரர்கள்

பெஷாவரில் கிஸ்ஸா கவானி கடைத்தெருவையும் அதை ஒட்டிய சந்துகளையும் சுற்றி வந்தால், திலீப் குமார் பிறந்த வீட்டிலிருந்து ராஜ் கபூர் பிறந்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். இருவரும் பிறந்தது இரண்டு வருட இடைவெளியில். திரை நட்சத்திரங்களைக் கொத்துக் கொத்தாகப் பெற்றுத் தந்த இப்படிப்பட்ட வட்டாரங்கள் உலகில் பல உண்டு. ஆனால் சினிமா என்ற சாதனத்துக்கே மூலவர்களைப் பெற்றுத் தந்த வட்டாரம் ஒன்று கிழக்கு பிரான்சில் இருக்கிறது. 2016-ல் இரண்டு பழைய மாநிலங்களை இணைத்து உருவாக்கிய அதன் பெயர் பூர்கோஞ்-ஃபிரான்ஷ்-கோந்தே. பர்கண்டி ஒயினுக்கும் டிஜோன் கடுகுக்கும் பேர்போன மண். அங்கே ஷலோன்-சூர்-சோன் என்ற ஆற்றங்கரை ஊரில் 1765-ல் ஒருவர் பிறந்தார். முப்பது கிலோமீட்டர் தள்ளி, போன் என்ற சிற்றூரில் 1830-ல் இன்னொருவர். அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் பெசான்சோன் நகரில், 1862-லும் 1864-லும், ஓர் அண்ணனும் தம்பியும்.

சினிமாவை நகரும் படம் என்கிறோம். திரையில் எந்தப் படமும் நகர்வதில்லை. ஒரு படம் வந்து நிற்கிறது, திரை இருள்கிறது, சற்றே மாறிய இன்னொரு படம் வந்து நிற்கிறது. இடையில் இருக்கும் அசைவை இட்டு நிரப்புவது நம் மூளை. இதைத் தோற்ற இயக்கம் என்பார்கள். பிம்பம் விழித்திரையில் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அசைவு தெரிகிறது என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்வது பாதி விளக்கம்தான். ஒட்டிக்கொள்வது மட்டும் நடந்தால் பத்துப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித் தெரியும். ஆக, சினிமாவைக் கண்டுபிடிக்க வந்தவர்களுக்குப் படத்தை நகர்த்தும் வேலையே இல்லை. நிறுத்துவதுதான் வேலை. அதைத்தான் இந்த நால்வரும் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள்.

ஷலோன்காரரான நிசெஃபோர் நியெப்ஸ் முதலில் செய்தது புகைப்படம் அல்ல, ஓர் எஞ்சின். அண்ணன் கிளாதும் அவரும் சேர்ந்து, லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளை எரித்து இயங்கும் எஞ்சினைச் செய்து, சோன் ஆற்றில் அதைக்கொண்டு படகு விட்டார்கள். உள்ளெரி எஞ்சின்களில் அது மிக முந்தியது. 1807-ல் அதற்குக் காப்புரிமை கொடுத்தது நெப்போலியனின் அரசு.

அதன்பின் நியெப்ஸுக்கு லித்தோகிராஃப் மோகம் பிடித்தது. கல்லில் வரைந்து அச்சடிக்கும் அந்தக் கலைக்கு ஓவியம் தெரிய வேண்டும். இவருக்கு வரைய வராது. சரி, சூரியனே வரையட்டும் என்று கிளம்பினார். இருட்டுப் பெட்டியின் துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாக உள்ளே விழும் என்பது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. விழுகிற காட்சியைப் பிடித்து வைக்கத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை. வெள்ளி உப்பைத் தடவிப் பார்த்தார். படம் விழுந்தது. ஆனால் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் மொத்தமும் கறுத்துவிட்டது.

அவருக்குக் கைகொடுத்தது தார். வெயிலில் தார் இளகுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இளக்குவது வெயிலின் சூடு. ஒளி செய்வது நேர்மாறான வேலை. மெல்லிய படலமாகப் பூசிய இயற்கை நிலக்கீலில் வெளிச்சம் பட்டால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு இறுகிவிடும், எண்ணெயில் கரையாது. நியெப்ஸ் யூதேயா நிலக்கீலை லாவண்டர் எண்ணெயில் கரைத்து, வெள்ளீயக் கலவைத் தகட்டில் தடவி உலரவிட்டார். தகட்டைப் பெட்டிக்குள் வைத்து ஜன்னலில் நிறுத்தினார். பிறகு அதே எண்ணெயால் கழுவினார். வெளிச்சம் விழுந்த இடம் தகட்டோடு தங்கியது. நிழல் விழுந்த இடம் கழுவிக்கொண்டு போனது. சேன்-லூ-த-வாரென் கிராமத்து வீட்டு ஜன்னலிலிருந்து 1826 அல்லது 1827-ல் எடுத்த அந்தப் படம்தான் இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா படம். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தின் அளவு, 16க்கு 20 சென்டிமீட்டர். இப்போது அமெரிக்காவின் டெக்சஸில் இருக்கிறது.

படத்தை உற்றுப் பார்த்தால் ஒரு விபரீதம் தெரியும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் அடிக்கிறது. காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் ஒரே படத்தில் விழுந்திருக்கின்றன. பதிய எடுத்துக்கொண்ட நேரம் குறைந்தது எட்டு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. சில நாட்கள்கூட ஆகியிருக்கும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எட்டு மணி என்றே வைத்துக்கொள்வோம். இந்த வேகத்தில் ஐம்பது நொடி சினிமாவுக்கான சுமார் 800 படங்களை எடுக்க, தினமும் எட்டு மணி நேரம் வெயில் தவறாமல் அடித்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். நடிகர் அதுவரை அசையக் கூடாது.

ஒளி பட்ட இடத்தை இறுகவைத்து மற்றதைக் கழுவிவிடும் அந்த உத்தி சாகவில்லை. உங்கள் கைபேசிக்குள் இருக்கும் சிப்பின் கோடுகளும் அந்த வழியில் வந்தவைதான். சிலிக்கான் வில்லையில் ஒளியுணர் படலம் பூசி, ஒளி பாய்ச்சி, வேண்டாததைக் கழுவித்தான் அவற்றை இன்றும் வரைகிறார்கள்.

அடுத்தவர் போன் ஊரின் எதியென் ஜூல் மாரே. மருத்துவம் படித்தவர். கேமராமீது அவருக்கு ஆரம்பத்தில் ஆர்வமே கிடையாது. உடம்புக்குள் நடப்பதெல்லாம் கோடாக மாற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. 1860-ல் மணிக்கட்டில் கட்டும் கருவி ஒன்றைச் செய்தார். நாடி துடிக்கும்போது ஒரு மெல்லிய நெம்புகோல் ஏறி இறங்கி, புகை படிந்த காகிதத்தில் அலையாக வரையும். குதிரையின் குளம்புகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்களைக் கட்டி, ஒவ்வொரு கால் எப்போது தரையைத் தொடுகிறது என்பதைக் குழாய் வழியாகக் காற்றழுத்தத்தால் எழுதவைத்தார். பறவை விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டார். பறக்கும் கடற்காகத்தோடு எத்தனை குழாயை இழுத்துக்கொண்டு ஓடுவது?

வழி வானத்திலிருந்து வந்தது. 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் படம்பிடிக்க, ஜூல் ஜான்சன் என்ற வானியலாளர் சுழலும் தட்டில் வரிசையாகப் படம் பதியும் ரிவால்வர் ஒன்றைச் செய்திருந்தார். (நம் பக்கத்துக்குத் தெரிந்தவர்தான். 1868 சூரிய கிரகணத்தைப் பார்க்க அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்தவர். ஹீலியம் கண்டுபிடிப்பின் கதை அங்கேதான் தொடங்குகிறது.) மாரே அந்த ரிவால்வரைத் துப்பாக்கியாக வளர்த்தார். 1882-ல் தயாரான அதன் குழலில் லென்ஸ், அடிப்பாகத்தில் கடிகாரப் பொறி, உள்ளே ஒளியுணர் தட்டு. விசையை அழுத்தினால் தட்டு நொடிக்குப் பன்னிரண்டு முறை நின்று நின்று சுழலும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷட்டர் ஒரு நொடியில் 720-ல் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். நேப்பிள்ஸ் கடற்கரையில் இவர் பறவைகளைக் குறிபார்ப்பதும் ஒன்றுகூட விழாததும் கண்டு, ஊர்க்காரர்கள் இவரைப் பித்தர் என்று பேசிக்கொண்டதாகக் கதை உண்டு. நியெப்ஸின் எட்டு மணி நேரத்தை 720-ல் ஒரு நொடியால் வகுத்துப் பாருங்கள். இரண்டு கோடிக்கும் மேல் வரும். ஐம்பத்தைந்து வருடத்தில் புகைப்படம் அடைந்த வேகம் அது.

பாரிஸில் மாரே அமைத்த ஆய்வுக்கூடம் ஒரு விசித்திர அரங்கு. ஆளுக்குத் தலைமுதல் கால்வரை கறுப்பு உடை, கை கால் நெடுகிலும் வெள்ளைக் கோடு, மூட்டுகளில் வெள்ளைப் புள்ளி, பின்னால் கறுப்புச் சுவர். ஓடவிட்டு ஒரே தட்டில் அடுத்தடுத்துப் படம் எடுத்தால் ஆள் மறைந்து ஓட்டம் மட்டும் கோடுகளின் விசிறியாக விழும். இந்த முறைக்கு அவர் இட்ட பெயர் குரோனோபோட்டோகிராஃபி, காலத்தைக் கூறுபோடும் படக்கலை. இன்று நடிகர்களுக்குப் புள்ளி ஒட்டிய இறுக்க உடை மாட்டி, அவர்கள் அசைவைக் கணினி உருவத்துக்கு ஏற்றுகிறார்களே, அதன் தாத்தா இதுதான்.

எனக்கு மிகப் பிடித்தது அவருடைய பூனை. முதுகு கீழே இருக்கும்படி பூனையைப் பிடித்து விட்டால் அது நாலு காலில் வந்து நிற்கும். எப்படி? காற்றில் பிடிமானம் இல்லாத பொருள், சுழலாமல் புறப்பட்டால் தானாகச் சுழலத் தொடங்க முடியாது என்பது இயற்பியல் விதி. ஆகவே பிடித்திருந்தவர் கையை உதைத்துத்தான் அது திரும்புகிறது என்று அறிஞர்கள் பலர் நம்பினார்கள். 1894-ல் மாரே நொடிக்கு அறுபது படம் எடுத்து வைத்தார். பூனை யாரையும் உதைக்கவில்லை. முதலில் முன்னங்கால்களை மார்போடு மடக்கி, பின்னங்கால்களை நீட்டிக்கொள்கிறது. இப்போது முன்னுடலைத் திருப்புவது சுலபம், நீட்டிய பின்னுடல் எதிர்ப்பக்கம் கொஞ்சமே திரும்பும். அடுத்து முன்னங்கால்களை நீட்டி, பின்னங்கால்களை மடக்கி, பின்னுடலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டு பாதிகளின் சுழற்சியும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால் விதிக்குப் பங்கமில்லை. கண்ணால் காண முடியாத அந்தத் தந்திரம் தனித்தனியாக நிறுத்திய படங்களில்தான் தெரிந்தது.

அதனாலேயே மாரேவுக்குப் படங்களைத் திரும்ப ஓட்டிக் காட்டுவதில் அக்கறை இல்லை. கண்ணுக்கு ஏற்கெனவே தெரிவதைத் திரையில் மறுபடி காட்டி என்ன லாபம் என்பது அவர் கட்சி. 1888-ல் கண்ணாடித் தட்டை விட்டுக் காகிதச் சுருளுக்கும், பிறகு செல்லுலாய்டுக்கும் வந்துவிட்டார். சினிமா கேமராவுக்கு அரை அடி தூரம்தான் பாக்கி. ஆனால் அவர் சுருளில் ஓரத் துளைகள் கிடையாது. பிடித்து இழுக்கும்போது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக் குறைந்தது. ஆராய்ச்சிக்கு அது போதும். திரையில் போட்டால் படம் குதிக்கும்.

அந்த அரை அடியைக் கடந்தவர்கள் பெசான்சோனில் பிறந்த ஒகுஸ்த் லூமியேரும் லூயி லூமியேரும். அப்பா அந்துவானும் அதே மண்தான், ஓர்முவா கிராமத்துக்காரர், புகைப்பட நிலையம் வைத்திருந்தவர். பிள்ளைகள் பிறந்த வீடு விக்தர் யூகோ பிறந்த வீட்டின் சதுக்கத்திலேயே இருக்கிறது. பெசான்சோன் பிரான்சின் கடிகாரத் தலைநகரம். நின்று நின்று ஓடும் பற்சக்கரங்களின் ஊரில் பிறந்ததால் இவர்களுக்கு இந்தப் புத்தி வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பம் 1870 வாக்கில் லியோனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது, தம்பிக்கு அப்போது ஆறு வயதுகூட இருந்திருக்காது. அந்தத் தம்பி லூயி பதினேழு வயதில் உருவாக்கிய உலர்தகடு, நீலச் சீட்டு என்ற பெயரில் விற்றுக் குடும்பத்தை நிமிர்த்தியது.

1894-ல் எடிசனின் கினெட்டோஸ்கோப் பாரிஸுக்கு வந்தது. துளையில் கண்ணை வைத்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். அதில் பிலிம் நிற்காமல் ஓடியது. மெல்லிய பிளவு ஒன்று கடக்கும் கணத்தில்தான் ஒவ்வொரு படமும் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு சொற்ப ஒளியைப் பெரிய திரைக்கு அனுப்ப முடியாது. அனுப்ப வேண்டுமானால் படம் நிற்க வேண்டும். லூயிக்கு யோசனை கொடுத்தது தையல் மெஷின். அதில் ஊசி இறங்கி ஏற, துணி ஒரு தையல் அளவுக்கு நகர்ந்து நிற்கும், மறுபடி நகரும்.

அவருடைய பொறியின் உள்ளே இரண்டு சிறு நகங்கள். பிலிமின் இரு ஓரங்களிலும் படத்துக்கு ஒரு ஜோடி வட்டத் துளை. நகங்கள் துளைக்குள் நுழைந்து, பிலிமைச் சுமார் 2 சென்டிமீட்டர் கீழே இழுத்து, வெளியே வந்து, வெறுங்கையோடு மேலே ஏறும். அவை ஏறும் நேரம் முழுக்கப் பிலிம் அசையாது, ஷட்டர் திறந்திருக்கும். நொடிக்குப் பதினாறு படம். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் நகர்வு, இரண்டு பங்கு நிறுத்தம். கணக்குப் போட்டால் 48-ல் ஒரு நொடிக்குள் இழுத்து முடிக்க வேண்டும். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் மூன்று நான்கு படங்கள் போய்விடும். இந்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் துளை கிழியும். அதற்காகவே நகங்களை ஆட்டும் சக்கரத்தின் நடுத்துண்டை முனை மழுங்கிய முக்கோணமாகச் செதுக்கினார்கள். நகம் மெதுவாகக் கிளம்பி, வேகமெடுத்து, மெதுவாக அடங்கும். 17 மீட்டர்ச் சுருள் ஒன்றில் சுமார் 800 முறை இது நடக்கும். மொத்தக் காட்சி ஐம்பது நொடி. கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் அந்தப் பெட்டியே கேமரா, அதுவே பிரதி எடுக்கும் கருவி, பின்னால் விளக்கு வைத்தால் அதுவே புரொஜெக்டர்.

விளக்கிலும் ஒரு சாமர்த்தியம். அந்தக் காலத்துப் பிலிம் சூடேறினால் தீப்பிடிக்கும். லூமியேர்கள் ஒளியைக் குவிக்கக் கண்ணாடி வில்லைக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்தார்கள். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். குடுவை உடைந்தால் குவியமே போய்விடும், பிலிம் தப்பிக்கும்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில், தலைக்கு ஒரு ஃபிராங்க் கட்டணத்தில் 33 பேர் வந்து பத்துப் படம் பார்த்ததைத்தான் சரித்திரம் கொண்டாடுகிறது. அதற்கு ஆறு மாதம் முன்பே, ஜூனில், லியோனுக்கு அருகே சோன் நதிக்கரையில் மாநாட்டுக்கு வந்த புகைப்படக்காரர்கள் படகிலிருந்து இறங்குவதை லூயி படம்பிடித்து, அதே மாநாட்டில் திரையிட்டார். படகை விட்டு இறங்குகிறவர்களில் ஒருவர், குண்டூருக்கு வந்துபோன ஜான்சன். நியெப்ஸ் சகோதரர்கள் எஞ்சின் படகு விட்டது இதே சோனில்தான்.

1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் லூமியேர் படங்கள் ஓடின. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச் சுருள்களும் வாங்கி ஊர் ஊராகக் கிளம்பினார். அதற்குள் லூமியேர்களின் கவனம் சினிமாவை விட்டு வண்ணத்துக்குப் போயிருந்தது. 1907-ல் விற்பனைக்கு வந்த ஆட்டோகுரோம் தகட்டுக்கு அவர்கள் பயன்படுத்திய மூலப்பொருள் உருளைக்கிழங்கு மாவு. நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள மாவுமணிகளைச் சலித்தெடுத்து, மூன்று பங்காக்கி, ஆரஞ்சு, பச்சை, ஊதாவாகச் சாயமேற்றி, கலந்து, கண்ணாடியில் ஒரே அடுக்காகப் பரப்பி, இண்டு இடுக்கில் கரித்தூளை நிரப்பினார்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 லட்சம் மணிகள். அவற்றுக்குப் பின்னால் ஒளியுணர் படலம். பச்சை மணி பச்சை ஒளியை மட்டும் உள்ளே விடும், ஆரஞ்சு மணி தன் பங்கை. கழுவி முடித்த தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அதே மணிகள் வழியாக அதே நிறங்கள் கண்ணுக்குத் திரும்பி வரும். பார்க்கிறவர் எத்தனை உற்றுப் பார்த்தாலும் கிழங்கு மாவு கண்ணில் படாது.