ஊசிக்குப் பயமா, போடச் சொல்பவரில் நம்பிக்கையில்லையா?

கொரோனா காலத்தில் தடுப்பூசிக்குத் தயங்கிய தொழிலாளர்களை 'விளக்கமில்லாத ஆட்கள்' என்று சொல்லிவிடுவது சுலபம். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தாதியர், வைத்தியர், சுகாதாரப் பரிசோதகர்களுக்கான பயிற்சி எதுவானாலும், முதலில் கைவிட வேண்டியது இந்த எண்ணத்தைத்தான்.

தடுப்பூசித் தயக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே, கொரோனாவுக்கு முன்னரே, உலக சுகாதாரத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: நம்பிக்கைக் குறைவு, 'எனக்கு வராது' என்ற அலட்சியம், போய்ப் போடுவதிலுள்ள சிரமம். ஆடைத் தொழிற்சாலையில் மூன்றாவது சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்து லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவு வெட்டுப்படுமென்றால், அங்கே தேவை விளக்கவுரையல்ல, சம்பளத்துடனான ஒருநாள் லீவு.

நம்பிக்கை என்பது இன்னும் சிக்கலானது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி கண்டுபிடிக்கப்பட்டபின், கட்டுநாயக்கப் பகுதி விடுதிகளிலிருந்து தொழிலாளர்கள் இரவில் இராணுவத்தினரால் பஸ்களில் ஏற்றப்பட்டு, தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. கொரோனாத் தடுப்புச் செயலணிக்குத் தலைமை தாங்கியவர் இராணுவத் தளபதி. இறந்த முஸ்லிம்களின் உடல்களும் 2021 பெப்ரவரி வரை கட்டாயமாக எரிக்கப்பட்டன.

போருக்குப் பின் வன்னியிலிருந்து வேலைக்குப் போன பெண்பிள்ளைகளுக்குச் சீருடை, பெயர்ப்பட்டியல், எங்கே போகிறதென்று தெரியாத பஸ் என்பவை புதியவையல்ல. 2009ஐக் கண்டவர்கள் அவர்கள். காய்ச்சல் என்று வாய்திறக்கவே பயந்த ஒருத்தியிடம் "ஊசி பாதுகாப்பானது" என்று பத்துமுறை சொல்லி என்ன பயன்? அவள் சந்தேகிப்பது மருந்தையல்ல.

ஆகவே பயிற்சியில் முதலில் வரவேண்டியது கேட்பது. "உங்களுக்கு எது யோசினையாயிருக்கு, தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை பொறுத்திருப்பது. 'பிள்ளை தங்காது' என்ற பயம் வந்தால் சிரிக்கக்கூடாது, மழுப்பவும்கூடாது. கொரோனாத் தடுப்பூசிக்குப் பின் சிலருக்கு மாதவிடாய் பிந்தியது உண்மை. ஆய்வுகளின்படி அது சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவு, தற்காலிகமானது. கருத்தரிப்பைப் பாதித்ததாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. முதல் பாதியை ஒளித்தால் இரண்டாம் பாதியை யாரும் நம்பமாட்டார்கள். இந்தப் பேச்சு தமிழில் நடக்கவேண்டும். மேற்பார்வையாளரை மொழிபெயர்ப்பாளராகப் பக்கத்தில் நிறுத்துவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

என் பார்வையில், பயிற்சியால் மட்டும் தீராத விடயம் ஒன்றுண்டு. தொழிற்சாலைத் தாதிக்குச் சம்பளம் கொடுப்பது முகாமைத்துவம். தொழிலாளி சொல்லும் நோய், கர்ப்பம், பயம் எல்லாம் மனிதவளப் பிரிவுக்குப் போகுமா என்ற கேள்வி அந்தச் சிறிய மருந்தறைக்குள் எப்போதும் இருக்கிறது. தொழிற்சுகாதாரச் சேவைகள் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு சமவாயம் (இலக்கம் 161) இதைத் தெளிவாகச் சொல்கிறது: சுகாதாரப் பணியாளருக்குத் தொழில்தருநரிடமிருந்து முழுமையான தொழில்சார் சுதந்திரம் வேண்டும், வேலைக்கு வராத காரணம் உண்மையா என்று சோதிக்கும் வேலையை அவரிடம் கொடுக்கக்கூடாது. இலங்கையில் நாம் இன்னும் நம்பியிருக்கும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ 1942ஆம் ஆண்டினது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இன்று ஆடைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அங்குள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் முகாமைத்துவத்திடம் சம்பளம் வாங்குவதில்லை, தமிழ் பேசுகிறார்கள், வீடுகளுக்கும் போய்வருகிறார்கள். அடுத்த தொற்று வரும்வரை காத்திராமல், பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.