கென்யா சஃபாரி: டிக்கெட்டுக்கு முன்னால் ஓர் ஊசி!

முதலைகள் காத்திருக்கும் மாரா ஆறு. தயங்கித் தயங்கி நிற்கும் வில்டிபீஸ்ட் கூட்டத்தில் ஒன்று குதித்ததும், பின்னாலேயே ஆயிரக்கணக்கில் பாய்கின்றன. டிவியில் பார்த்த இந்தக் காட்சியை நேரில் பார்க்கத்தான் பலரும் கென்யாவின் மாசாய் மாராவுக்குக் கிளம்புகிறார்கள்.

தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி வரும் இந்தக் கூட்டம், பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை மாராவில் இருக்கும். எந்த நாளில் ஆற்றைக் கடக்கும் என்று வழிகாட்டிகளாலும் சொல்ல முடியாது. எனவே, மூன்று இரவுகளாவது அங்கே தங்கத் திட்டமிடுவது நல்லது.

பலர் கோட்டைவிடுவது தடுப்பூசியில்தான். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புபவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். அது இல்லையென்றால் 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். வீட்டுக்குப் போக முடியாது.

அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடப்படுகிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அவற்றில் ஒன்று. ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும்; அதன்பின் ஆயுளுக்கும் போதும்.

ஆனால், 9 மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. முட்டை அலர்ஜி உள்ளவர்களும், 60 வயதைத் தாண்டியவர்களும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பமாகக் கிளம்புபவர்கள் முதலில் டாக்டரைப் பார்ப்பதே சரி. மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

அதன் பிறகு டிக்கெட் போடலாம்!